புள்ளிப் பூனைகளும் அவற்றை உருவாக்கிய பெண்களும்

உங்கள் குசினி மூலையில் சாம்பலோடு சாம்பலாகச் சுருண்டு படுத்திருக்கும் பூனையை ஒருமுறை வெளிச்சத்தில் வைத்து நன்றாகப் பாருங்கள். நெற்றியில் கோடுகள் இறங்கி ‘எம்’ என்ற ஆங்கில எழுத்தைப் போலத் தெரியும். முதுகில் ஒரு கருங்கோடு வால்வரை ஓடும். விலாவில் மேலிருந்து கீழாக வரிகள். இந்த வரிகள் சில பூனைகளில் முழுதாக இருக்கும். சிலவற்றில் இடையிடையே அறுந்து துண்டு துண்டாக நிற்கும். அப்படி அறுந்த வரியைத்தான் நாம் புள்ளி என்கிறோம். ஒரே ஈற்றில் வரிக்குட்டியும் புள்ளிக்குட்டியும் பிறப்பதை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள்.

இந்தக் கோலம் மயிர் முளைத்த பிறகு விழுவதல்ல. தாயின் வயிற்றில் குட்டி விரல் நீளம்கூட வளராத நாட்களில், மயிர்க்கால் தோன்றும் முன்னரே, எந்த இடம் கருமை, எந்த இடம் வெளிறல் என்பது தோலில் தீர்மானமாகி விடுகின்றது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள ஹட்சன்அல்ஃபா ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தவர்கள் 2021ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டார்கள்.

எமது ஊர்களில் யாரும் பெரிதாகக் கவனிக்காத இந்தப் புள்ளிக்கு மேல்நாடுகளில் பெரும் மதிப்பு உண்டு. புள்ளிப் பூனைக்கென்றே தனி இனங்களை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். எகிப்தியன் மாவு, ஒசிகற், பெங்கால், சவானா ஆகிய நான்கும் அவற்றில் பெயர்பெற்றவை. படத்தில் பார்த்தால் ஒன்றையொன்று பிரித்தறிவது கடினம். ஆனால் குணத்தில் இவை நான்கும் நான்கு திசை. இன்னொரு விடயமும் உண்டு. இந்த நான்கு இனங்களின் தொடக்கத்திலும் ஒரு பெண் நிற்கிறார். அவர்களில் எவரும் பெரிய பண்ணை வைத்திருந்தவர் அல்லர். வீட்டில் வைத்துப் பூனை வளர்த்தவர்களே.

நாடிழந்தவர் கொண்டுசென்ற பூனைகள்

‘மாவு’ என்பது பண்டைய எகிப்திய மொழியில் பூனையைக் குறிக்கும் சொல். மனிதர் கலந்து உருவாக்காமல், இயற்கையாகவே புள்ளியோடு வந்த வீட்டுப் பூனை இனமாக இதனைக் கூறுவார்கள். ஐரோப்பாவில் இப்பூனைகளை வளர்த்தவர்கள் முன்பு இருந்தார்கள். இரண்டாம் உலகப் போரோடு அவை அநேகமாக அற்றுப்போயின. பஞ்சத்திலும் குண்டுவீச்சிலும் மனிதருக்கே உணவில்லாதபோது பூனைக்கு யார் பால் வைப்பது? அது எப்படி நடந்திருக்கும் என்பதை எமது வாசகியருக்கு விளக்கத் தேவையில்லை.

போருக்குப் பின் இந்த இனத்தைத் திரும்ப எடுத்தவர் நத்தலி ட்ரூபெட்ஸ்கோய். ரஷ்யப் பிரபு குலத்தில் வந்து, நாட்டை விட்டு வெளியேறி வாழ்ந்தவர். 1950களின் தொடக்கத்தில் இத்தாலியின் ரோம் நகரில் இருந்தபோது புள்ளியுடைய வெள்ளிநிறப் பூனைக்குட்டி ஒன்று அவருக்குக் கிடைத்தது. பின்னர் அங்கிருந்த மத்திய கிழக்குத் தூதரகத் தொடர்புகளைப் பிடித்து மேலும் சில பூனைகளைத் தேடிப் பெற்றார். 1956இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபோது மூன்று பூனைகளைத் தன்னோடு கொண்டுசென்றார். அவற்றுள் பாபா என்ற பெட்டைப் பூனை பின்னாளில் கண்காட்சிகளில் பெயரெடுத்தது. இன்றைய அமெரிக்க மாவுப் பூனைகளிற் பெரும்பாலானவை அந்தச் சிறு கூட்டத்தின் வழிவந்தவை. 1977இல் அமெரிக்கப் பூனைப் பிரியர் சங்கம் இந்த இனத்தைப் போட்டிகளில் முழுமையாக ஏற்றுக்கொண்டது.

மாவுவின் உடலில் புள்ளிகள் ஒழுங்கற்றுச் சிதறிக் கிடக்கும். வெள்ளி, வெண்கலம், புகை என மூன்று நிறங்கள் முக்கியமானவை. கண் இளம்பச்சை. பின்கால் முழங்காலுக்கும் வயிற்றுக்கும் இடையே தளர்ந்த தோல் மடிப்பொன்று தொங்கும். பின்கால்கள் முன்கால்களிலும் நீளமானவை. வீட்டுப் பூனைகளில் அதிக வேகமாக ஓடுவது என்ற பெயரும் இதற்கே. குணத்தைச் சொல்வதானால், இது எல்லோரோடும் ஒட்டாது. வீட்டில் ஒருவரையோ இருவரையோ தேர்ந்தெடுத்து அவர்களையே சுற்றிச் சுற்றி வரும். அந்நியர் வந்தால் கட்டிலுக்கடியில் ஓடிவிடும். திடீர்ச் சத்தம் இதற்கு ஆகாது. பொறுமையான, அமைதியான வீட்டுக்குப் பொருத்தமான பூனை.

தற்செயலாகப் பிறந்த குட்டி

ஒசிகற்றின் கதை வேறு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வேர்ஜினியா டேலி என்ற பெண்மணி 1964இல் அபிசீனியப் பூனையையும் சியாமியப் பூனையையும் கலந்து வேறொரு நிறத்தைப் பெற முயன்றுகொண்டிருந்தார். இரண்டாம் தலைமுறையில் ஒரு ஈற்றில் எதிர்பாராமல் யானைத்தந்த நிறத்தில் பொன்னிறப் புள்ளிகளோடு ஒரு கடுவன் குட்டி பிறந்தது. தென்னமெரிக்கக் காடுகளிலுள்ள ஒசிலொட் என்ற காட்டுப் பூனையைப் போல இருக்கிறதே என்று டேலியின் மகள் அதற்கு ‘ஒசிகற்’ என்று பெயர் சூட்டினாள். குட்டியின் சொந்தப் பெயர் ரொங்கா. அதன் அருமையை அப்போது யாரும் உணரவில்லை. நலமெடுத்து, வளர்ப்புக்கென்று குறைந்த விலைக்கு விற்றுவிட்டார்கள். பின்னர் மரபியல் அறிஞர் ஒருவர் ஆர்வம் காட்டியதால் அதே சோடியை மறுபடியும் சேர்த்தார் டேலி. புள்ளிக்குட்டி மீண்டும் பிறந்தது.

1966இல் இனம் பதிவாகியது. ஆனால் குடும்பத்தில் ஒருவரைப் பராமரிக்க வேண்டி வந்ததால் டேலி தன் வேலையைப் பல ஆண்டுகள் நிறுத்திவைக்க நேர்ந்தது. பெண்கள் தொடங்கும் வேலைகள் எத்தனையோ இப்படித்தான் இடையில் நிற்கின்றன. அவர் 1980களில் மறுபடி கைவைத்தார். 1987இல் போட்டிக்குரிய இனமாக ஒசிகற் ஏற்கப்பட்டது.

இதில் காட்டு இரத்தம் ஒரு துளியும் இல்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பார்வைக்குக் காட்டு விலங்கைப் போலவே இருக்கும். பருத்த உடல், விலாவில் விரல் பதித்தது போன்ற புள்ளிகள் வரிசையாக ஓடும். குணமோ வீட்டு நாய்க்கு அண்மையானது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரும். விருந்தினர் வந்தால் ஒளிக்காது, மடியில் ஏறும். பிள்ளைகளோடும் மற்றப் பிராணிகளோடும் ஒத்துப்போகும். தனியே விட்டால் மட்டும் வாடிப்போகும். என்னைக் கேட்டால் இந்த நான்கில் வீட்டுக்கு ஏற்றது ஒசிகற்தான்.

காட்டிலிருந்து வந்த பெங்கால்

பெங்கால் இனத்தை உருவாக்கிய ஜீன் மில், 1961இல் தாய்லாந்தின் பாங்கொக் சந்தையில் ஒரு சிறுத்தைப்பூனைக் குட்டியை வாங்கி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். சிறுத்தைப்பூனை என்பது ஆசியக் காடுகளில் வாழும், வீட்டுப் பூனையளவே உள்ள காட்டு விலங்கு. அது தனித்து வாடக் கூடாதென்று ஒரு கறுப்புக் கடுவனைத் துணைக்கு விட்டார். இரண்டும் சேரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. 1963இல் குட்டி பிறந்தது. அதன்பின் கணவர் இறந்துபோக, வீடும் வாழ்வும் மாறி, சிறுத்தைப்பூனையை மிருகக்காட்சிச்சாலைக்குக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் நிறுத்தினார்.

மீண்டும் தொடங்கியபோது ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. பூனைகளின் இரத்தப் புற்றுநோயை ஆராய்ந்த வில்லார்ட் சென்டர்வோல் என்ற மருத்துவர் கலிபோர்னியாவில் சிறுத்தைப்பூனைக் கலப்புக் குட்டிகளைப் பெற்றிருந்தார். ஆய்வு முடிந்த குட்டிகளை ஜீன் மில் பொறுப்பேற்றார். 1982இல் புதுடில்லி மிருகக்காட்சிச்சாலையில் காண்டாமிருக வளவுக்குள் திரிந்த செம்மஞ்சள் நிறப் புள்ளிக்குட்டி ஒன்றைக் கண்டு அதனையும் பெற்றுக்கொண்டார். பெங்கால் பூனைகளின் உரோமத்தில் பொன்தூள் தூவியது போன்ற மினுக்கம் உண்டல்லவா, அது அந்த இந்தியத் தெருப்பூனையின் கொடை. மக்கள் வீட்டில் ஒரு குட்டிச் சிறுத்தையை நேசித்தால், காட்டுப் பூனைத் தோலில் சட்டை தைத்துப் போட மனம் வராது என்பதே தன் எண்ணம் என்று ஜீன் மில் கூறிவந்தார். அவர் 2018இல் காலமானார்.

2024இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு வியப்பான ஒன்றைக் காட்டியது. இன்றைய பெங்கால் பூனையின் மரபணுவில் சிறுத்தைப்பூனையின் பங்கு நூற்றுக்கு மூன்று நான்கு மட்டுமே. அதன் பகட்டான தோற்றத்தின் பெரும்பகுதி, சாதாரண வீட்டுப் பூனைகளிடம் ஏற்கெனவே மறைந்திருந்த மரபணுக்கள் ஒன்றுசேர்ந்ததால் வந்தது.

பெங்காலின் புள்ளி மற்றவற்றைப் போல ஒரே நிறமல்ல. நடுவில் வெளிறி, சுற்றிலும் கருமை கட்டிய பூவிதழ் போன்றது. குணத்தில் ஓய்வறியாதது. அலுமாரி உச்சியில் ஏறும், கதவைத் திறக்கும், தண்ணீரில் விளையாடும், உரத்துக் கத்தும். மடியில் கிடக்கும் பூனையை விரும்புபவர் இதை வாங்கிவிட்டுக் கவலைப்படுவார்.

சவானா இன்னும் ஒரு படி மேலே. 1986இல் ஜூடி ஃப்ராங்க் என்பவரின் சியாமியப் பெட்டைக்கும் ஆபிரிக்க சேர்வல் காட்டுப்பூனைக்கும் பிறந்த குட்டிக்கு வைத்த பெயரே பின்னர் இனத்தின் பெயராகியது. நெடிய கால்கள், பெரிய காதுகள், மெலிந்த உடல். சேர்வல் வீட்டுப் பூனையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு எடை கொண்டது. முதல் தலைமுறைச் சவானாவும் அதற்கேற்பப் பெரிதாகவே வளரும். ஒருவரிடம் மட்டும் நம்பிக்கை வைக்கும். மற்றவர்களைக் கண்டால் சீறும்.

அழகின் விலையை யார் கொடுப்பது?

காட்டு விலங்கோடு கலந்த முதல் மூன்று தலைமுறைகளில்தான் சிக்கல். கடுவன்கள் மலடாகவே பிறக்கும். பல பூனைகள் வீட்டுக்குள் மூலைக்கு மூலை சிறுநீர் பீச்சும். அந்நியர் கை பட்டால் கடிக்கும். பல ஆயிரம் டொலர் கொடுத்து வாங்கியவர்கள் ஓரிரு வருடத்தில் சரணாலயங்களில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். காட்டுக்கும் உதவாது, வீட்டுக்கும் உதவாது, மிச்சக் காலம் முழுவதும் கூட்டுக்குள். அவுஸ்திரேலியா 2008இல் சவானாவைத் தன் நாட்டுக்குள் வரவே விடவில்லை. வெளியில் தப்பினால் அங்குள்ள சிறு விலங்குகளை அழித்துவிடும் என்பது அச்சம். பிரித்தானியாவில் முதல் தலைமுறைச் சவானாவை வளர்ப்பதற்கு ஆபத்தான காட்டு விலங்குகளுக்குரிய அனுமதிப்பத்திரம் வேண்டும்.

புள்ளிக்கும் குணத்துக்கும் நேர்த் தொடர்பு இல்லை. ஒசிகற்றும் சவானாவும் அதற்குச் சாட்சி. ஒரு பூனை சாதுவாவதும் முரடாவதும் இரண்டில் தங்கியுள்ளது. ஒன்று இரத்தம். தாயின் குணம் மட்டுமல்ல, குட்டிகளைக் கண்ணாலும் காணாத தகப்பன் கடுவனின் குணமும் இறங்குகின்றது. துணிந்த கடுவனின் குட்டிகள் துணிவாக இருப்பதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். மற்றையது வளர்ப்பு. பிறந்து இரண்டாவது வாரம் தொடக்கம் ஏழாவது வாரம் வரை மனிதர் கையில் எடுத்துப் பழகிய குட்டி ஆயுள் முழுவதும் மனிதரை நம்பும். அந்த வாரங்களை விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்தே கழித்த குட்டியைப் பிறகு பழக்குவது மிகக் கடினம். உங்கள் வீட்டுப் பூனை ஈன்றிருந்தால், தாய் சம்மதித்த பிறகு, தினமும் குட்டிகளைக் கையில் எடுத்துத் தடவுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் இருந்து மெதுவாகத் தொடச் சொல்லுங்கள்.

எமது பற்றைகளில் வாழும் உறவினர்

சிறுத்தைப்பூனை இலங்கையில் இல்லை. ஆனால் அதே பேரினத்தைச் சேர்ந்த இரண்டு புள்ளிப் பூனைகள் இங்கு வாழ்கின்றன. ஒன்று மீன்பிடிப் பூனை. குளங்கள், சதுப்புகள், கண்டல் காடுகளை அண்டி வாழ்வது, வீட்டுப் பூனையிலும் நன்றாகப் பெரியது, சாம்பல் உடலில் கரும்புள்ளி வரிசைகள் உண்டு. தண்ணீருக்குள் பாய்ந்து மீன் பிடிக்கும். மற்றது துருப்புள்ளிப் பூனை. உலகின் மிகச் சிறிய காட்டுப் பூனைகளில் ஒன்று. வளர்ந்ததே ஒன்று, ஒன்றரைக் கிலோதான் வரும். இரும்புத் துரு நிறப் புள்ளிகள், நெற்றியில் வெண்கோடுகள். இந்தியாவிலும் நேபாளத்திலும் இலங்கையிலும் தவிர வேறெங்கும் இல்லை. எலிகளைத் தின்பதால் கமக்காரருக்கு நண்பன். இதன் குட்டியைப் பார்த்தால் நாட்டுப் பூனைக்குட்டி என்றே நினைப்பீர்கள்.

மீள்குடியேறிய இடங்களில் பல வருடம் காடு பற்றிக் கிடந்த வளவுகளைத் துப்புரவு செய்யும்போது இத்தகைய குட்டிகள் கண்ணில் படலாம். அழகாயிருக்கிறதே என்று பிள்ளைகள் வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவார்கள். இந்த இரண்டு பூனைகளும் வன சீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். அதைவிட, எவ்வளவு பாலூட்டி வளர்த்தாலும் முதல் தலைமுறைச் சவானாவுக்கு நேர்ந்ததே இதற்கும் நேரும். கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விசர்நோய் காட்டுப் பூனைக்கும் வரும்.

தாய் இறந்து கிடந்தாலோ குட்டி காயப்பட்டிருந்தாலோ வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். மற்றபடி குட்டிகளைக் கிடந்த இடத்திலேயே விட்டு, அந்த மூலையை மட்டும் அன்று வெட்டாமல் விலகி வாருங்கள். தாய்ப்பூனை இருட்டிய பிறகுதான் நடமாடும். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பற்றை வெறுமையாக இருக்கும். இரவோடிரவாகக் கழுத்தில் கவ்வி ஒவ்வொன்றாக வேறிடம் கொண்டுபோயிருக்கும்.