பழவேற்காட்டுத் துறையும் சாந்தோம் கோபுரமும்

சாந்தோம் பேராலயத்தின் சரித்திரத்தை மயிலாப்பூரில் தொடங்குவதே வழக்கம். காட்டூர்ப் பக்கத்தில் பழவேற்காடு ஏரிக்கரையில் நின்று யோசிக்கிறவனுக்கோ, அது பழவேற்காட்டுத் துறையிலிருந்து தொடங்க வேண்டியதாகவே தோன்றும். 1517-இல் மலாக்காவிலிருந்து வந்து இத்துறையில் கரையேறிய தியோகோ பெர்னாந்தஸ் முதலான போர்ச்சுகீசியரை, உடன் வந்த ஆர்மீனிய வணிகர் ஒருவர் மயிலைக்கு அழைத்துச் சென்று, அப்போஸ்தலர் தோமையாரின் கல்லறை என்று பரம்பரையாகப் போற்றப்பட்ட இடத்தைக் காட்டினார். சிதிலமாய்க் கிடந்த அக்கட்டடத்தில் முகம்மதியர் ஒருவர் விளக்கேற்றி வந்தாராம். மதபேதம் பாராட்டாத அந்தத் தீபத்தைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதலாம். 1523-இல் போர்ச்சுகீசியர் ஜீர்ணோத்தாரண வேலையைத் தொடங்கினர்.

இன்று நாம் காணும் வெண்ணிற ஆலயம் அவர்கள் கட்டியதன்று. பழைய கோயிலை அகற்றிவிட்டு, ஆயர் ரீட் ட சில்வாவின் காலத்தில், கேப்டன் பவர் என்னும் பொறியாளரின் திட்டப்படி எழுந்து, 1896-இல் அபிஷேகமானது இது. நாட்டை ஆண்டவர் ஆங்கிலேயர். ஆயர் பீடத்துக்கு ஆதரவு போர்ச்சுகல் மன்னருடையது. கட்டடப் பாணியோ மத்திய கால ஐரோப்பாவின் கோதிக். கூர்முனை வளைவுகளும் நெடிய சாளரங்களும், மேகம் கவிந்த தேசத்தில் கிடைக்கும் சொற்ப வெளிச்சத்தையும் உள்ளே வாங்குவதற்காக ஏற்பட்டவை. வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத நம் கடற்கரையில், சாளரத்தின் வண்ணக் கண்ணாடிக்கு அந்த வெயிலைத் தணித்து அனுப்பும் உத்தியோகம் வாய்த்திருக்கிறது. உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தைத் தோமையார் தொட்டுப் பார்க்கும் காட்சியை அங்கே கண்ணாடியிலேயே தீட்டியிருக்கிறார்கள்.

முகப்புக் கோபுரம் ஏறத்தாழ 155 அடி உயரம். கூரையின் நடுவே எழும் சிறிய கோபுரம் கல்லறை இருக்கும் இடத்தைக் குறிக்கிறது. ஆனால் என் கண்ணை நிறுத்தி வைப்பது இவற்றில் எதுவுமன்று; இருபுறமும் மயில்கள் நிற்க, தாமரைமீது நிற்கும் கிறிஸ்துவின் திருவுருவமே. கோதிக் சட்டத்துக்குள் நம் சிற்ப மரபு எவ்விதக் கூச்சமும் இல்லாமல் வந்து அமர்ந்திருக்கிறது. மயிலை மாதாவின் மரச் சிலையையும் காணாமல் வரக்கூடாது. 1545-இல் மயிலையில் சில மாதங்கள் தங்கிய பிரான்சிஸ் சவேரியார் அதன் முன் ஜெபித்தார் என்பது ஐதீகம்.

ஆலயத்தின் பின்புறம், கடலை நோக்கித் தோமையாரின் பெயரால் ஒரு மரக்கம்பம் நிற்கிறது. அதைத் தாண்டிக் கடல் வராது என்பது நம்பிக்கை. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பிறகு அதைப் பார்க்க வருவோர் பெருகினர். ஏரிக்கரையிலிருந்து வருகிறவர்கள் கம்பத்தோடு திரும்பிவிடாமல், கல்லறைச் சிற்றாலயத்துக்கும் படியிறங்கிப் போய் வரட்டும். அவர்கள் ஊர்த் துறையில் இறங்கியவர்கள் தேடிச் சென்றது அந்த இடத்தைத்தான்.