வைக்கோலும் கடைச் சரக்கும்: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

“உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது” என்னும் பழமொழியை அறியாத குடியானவர் நம் நாட்டில் இல்லை. எனினும், கணக்குப் பார்க்க வேண்டிய இடத்தில் பார்க்கத் தவறுவதாலும் அவ்வுழக்கு மிஞ்சாமற் போவதுண்டு. நெல்லை விற்கும்பொழுது மூட்டைக்கு ஒரு கிலோ கழித்தாலும் மனம் பொறுக்காத நாம், வைக்கோலும் பிண்ணாக்கும் உரமும் விதையும் வாங்கும்பொழுது, கட்டுக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு என்று கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறோம். வாங்கிய கட்டில் எத்தனை கிலோ வைக்கோல், எத்தனை கிலோ நீர் என்று கேட்பவர் சிலரே. விற்பதில் காட்டும் கவனத்தை வாங்குவதிலும் காட்டினால் கிடைக்கும் ஆதாயம் சிறிதன்று. அதற்குரிய முறைகளை இங்கே விவரிப்போம்.

வைக்கோல் கடைச் சரக்கான விதம்

முன்னாளில் வைக்கோல் விலைக்கு வாங்கும் பொருளாகப் பெரும்பாலோர்க்கு இருந்ததில்லை. அறுத்த அரிகளைக் களத்திற் சேர்த்துத் தலையடித்து, பின் மாடுகளைப் பிணைத்துப் போரடித்து, மிதிபட்டு மென்மையான வைக்கோலை வீட்டுக் கொல்லையிலேயே போராக அமைத்துக்கொள்வது வழக்கம். 1966-ஆம் ஆண்டில் வெளியான ஐ.ஆர். 8 முதலிய குட்டை ரகங்கள் பரவியபின் தாளின் உயரம் குறைந்தது. அறுவடை இயந்திரம் வந்தபின், நெல் வேறாகப் பிரிந்து, தாள் துண்டுதுண்டாக வயலிலேயே விழலாயிற்று. அதனைத் திரட்டிக் கட்டும் இயந்திரம் அடுத்து வந்தது. இவ்விதம் கட்டப்பட்ட வைக்கோல் இன்று லாரியேறி ஊர்விட்டு ஊர் செல்வதோடு கேரளத்துக்கும் போகிறது. ஆகவே, வயலுள்ளவரும்கூட வைக்கோலைக் கடையில் வாங்கும் காலம் இது. வாங்கும் கலையை நாம் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.

எடையும் ஈரமும்

கட்டு என்பது ஓர் அளவன்று. இயந்திரத்துக்கு இயந்திரம் கட்டின் பருமன் வேறுபடும்; ஒரே இயந்திரத்தின் கட்டுகளிலும் இறுக்கம் வேறுபடும். ஆகையால், கட்டு விலை கேட்டவுடன் எடையையும் கேட்க வேண்டும். உதாரணமாக, ஒருவர் 12 கிலோ எடையுள்ள கட்டை 200 ரூபாய்க்கும், மற்றொருவர் 15 கிலோ எடையுள்ள கட்டை 230 ரூபாய்க்கும் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவதே மலிவெனத் தோன்றும். கிலோவுக்குக் கணக்கிட்டால், முதலாவது 16 ரூபாய் 67 காசு. இரண்டாவது 15 ரூபாய் 33 காசு. மலிவானது இரண்டாவதே.

எடை மாத்திரம் போதாது. ஈரத்தையும் கழித்துப் பார்க்க வேண்டும். 15 கிலோ எடையுள்ள ஒரு கட்டில் நூற்றுக்கு 25 பங்கு ஈரமிருந்தால், அதிலுள்ள உலர் தீவனம் 11¼ கிலோவே. 14 கிலோ எடையுள்ள மற்றொரு கட்டில் ஈரம் நூற்றுக்கு 10 பங்கானால், உலர் தீவனம் 12.6 கிலோ. இரண்டும் ஒரே விலையானால், எடை குறைந்த கட்டே 1.35 கிலோ அதிகத் தீவனத்தைத் தருகிறது. மற்றதை வாங்குபவர் தண்ணீருக்கு விலை கொடுக்கிறார்.

ஈரத்தை அறிய எளிய வழியுண்டு. கட்டின் நடுவிலிருந்து ஒரு கிலோ வைக்கோலை எடுத்து, நல்ல வெயிலில் பரப்பி, எடை இனிக் குறையாது என்னும் வரை உலர்த்தி, மறுபடியும் நிறுக்கவும். 850 கிராம் நின்றால், நூறு கிலோ வாங்குமிடத்துப் பதினைந்து கிலோ வெயிலில் மறையும் நீர் என்று கொள்க. பெருந்தொகையாக வாங்குபவர் ஒரு கட்டை முன்னதாகக் கொணர்ந்து இச்சோதனையைச் செய்துவிட்டுப் பேரத்தை முடிப்பது உத்தமம். லாரியளவில் வாங்கினால், சுமையோடு ஒரு முறையும் சுமையிறக்கியபின் ஒரு முறையும் எடை மேடையில் நிறுத்து, இரண்டு சீட்டுகளையும் வாங்கி வைத்துக்கொள்ளவும்.

நல்ல வைக்கோலை அறிதல்

சுமையின் மேற்புறத்துக் கட்டைப் பார்த்து முடிவு செய்தல் தவறு. நடுவிலும் அடியிலும் உள்ள கட்டுகளில் ஒன்றிரண்டை அவிழ்க்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். நல்ல வைக்கோல் வெளிறிய பொன்னிறமாகவோ இளம்பச்சை சாயலாகவோ இருக்கும். மழையில் நனைந்து கிடந்தது கறுத்தும் பழுத்தும் காணும். அதன் சத்தில் ஒரு பகுதி நீரோடு கரைந்து போயிருக்கும். தாளை ஒடித்தால் உலர்ந்தது சடக்கென முறியும். ஈரமுள்ளது வளைந்து கொடுக்கும். கட்டினுள் கையை நுழைத்தால் வெதுவெதுப்பாக இருப்பின், உள்ளே வெம்பத் தொடங்கிவிட்டதென்று அறிக. உதறும்பொழுது வெண்மையாகவோ கருமையாகவோ தூள் பறந்து, முக்கல் நாற்றம் வீசினால் பூசணம் பிடித்தது என்பது நிச்சயம்.

பூசண வைக்கோலை விலை குறைவென்று கருதி வாங்குவது பெருந்தவறு. அத்தகைய நெல்வைக்கோலைத் தின்ற எருமைகளுக்கு வால் நுனியும் காதும் குளம்பும் அழுகும் டெக் நாலா என்னும் நோய் வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் கண்டறியப்பட்டுள்ளது. கட்டுக்கு ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், கறவை எருமையொன்றை இழப்பது எவ்விதக் கணக்கில் சேரும்?

இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. வயலில் வாரிக் கட்டும்பொழுது மண்ணும் சேர்ந்து வருவதுண்டு. ஒரு துணியை விரித்து அதன்மேல் வைக்கோலை உதறினால் மண்ணின் அளவு புலப்படும். அறுவடைக்குமுன் கடைசியாக மருந்து தெளித்த நாள் எது என்பதையும், வயல்காரர் இன்னாரெனத் தெரியுமிடத்து, விசாரித்தல் நலம். கட்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கயிற்றை முழுவதும் எடுத்தபின்னரே மாட்டுக்குப் போட வேண்டும். வயிற்றினுள் சென்ற கயிறு செரியாது. மாட்டின் உயிருக்கே ஆபத்தாகும்.

எவ்வளவு, எப்பொழுது

பசுந்தீவனமும் சிறிது கிடைக்கும் வீட்டில், ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு 5 கிலோ வைக்கோல் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மாதக் கோடைக்கு 600 கிலோ. சிந்துவதற்கும் சேதத்திற்கும் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 660 கிலோ. 15 கிலோ கட்டில் 44 கட்டுகள். இரண்டு பசுக்களுக்கு 88. இக்கணக்கைத் தை மாதத்திலேயே போட்டு, சம்பா அறுவடையாகி வைக்கோல் மலிந்திருக்கும் தை, மாசி மாதங்களில் வாங்கி வைப்பவர், சித்திரையில் கேட்ட விலைக்குத் தலைவணங்க வேண்டியதில்லை. வாங்கியதைத் தரையிற் படாமல் கல்லும் மரமும் பரப்பிய மேடையின்மேல் அடுக்கி, மழை படாமல் மூடி, அடுப்பங்கரைக்கும் மின்கம்பிக்கும் விலகி வைத்தல் அவசியம்.

பிண்ணாக்கு

வைக்கோல் வயிற்றை நிரப்பும், பாலைப் பெருக்காது. நெல்வைக்கோலில் புரதச் சத்து நூற்றுக்கு 3 அல்லது 4 பங்குதான். ஆதலால் பிண்ணாக்குக்கும் கலப்புத் தீவனத்துக்கும் கடையையே நாடுகிறோம். இங்கும் மூட்டை விலையைப் பாராமல் சத்தின் விலையைப் பார்க்க வேண்டும். கடலைப் பிண்ணாக்கில் புரதம் நூற்றுக்குச் சுமார் 40 பங்கு. தேங்காய்ப் பிண்ணாக்கில் சுமார் 20 பங்கு. கடலைப் பிண்ணாக்கின் விலை மற்றதன் விலையைப்போல் இருமடங்குக்குக் குறைந்து நிற்குமாயின், புரதத்தை நோக்க அதுவே மலிவு.

ஆனால் கடலைப் பிண்ணாக்கில் ஒரு தனி ஆபத்துண்டு. 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வான்கோழிகள் லட்சத்துக்கு மேல் மாண்டன. அவற்றுக்கு இட்ட கடலைப் பிண்ணாக்கில் பூசணத்தால் உண்டான விஷமே காரணமென்று பின்னர்த் தெரியவந்தது. ‘அப்ளாடாக்சின்’ என்னும் அவ்விஷம் பசுவின் பாலிலும் இறங்கும். ஆகவே, ஈரம் பட்டதும் கட்டி தட்டியதும் கசப்பு வாடை வீசுவதுமான பிண்ணாக்கை எவ்வளவு மலிவாயினும் ஒதுக்கிவிடுக.

உரம், விதை, மருந்து

யூரியா மூட்டை 2018-ஆம் ஆண்டு முதல் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைந்தது. ‘ஏக்கருக்கு இரண்டு மூட்டை’ என்று பழக்கத்தினால் இடுபவர், முன்பு 46 கிலோ தழைச்சத்து இட்ட இடத்தில் இப்பொழுது 41.4 கிலோவே இடுகிறார். மூட்டைக் கணக்கை விட்டுச் சத்துக் கணக்குக்கு வர வேண்டும் என்பதற்கு இதுவே போதிய சான்று. 50 கிலோ டி.ஏ.பி.யில் தழைச்சத்து 9 கிலோவும் மணிச்சத்து 23 கிலோவும் உண்டு. 50 கிலோ சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து 8 கிலோ. ஆக, மூன்று மூட்டை சூப்பரும் 20 கிலோ யூரியாவும் சேர்ந்து ஒரு மூட்டை டி.ஏ.பி.க்கு ஏறக்குறைய ஈடாகும். கந்தகமும் சுண்ணாம்பும் மேற்கொண்டு கிடைக்கும். இரண்டின் விலையையும் எழுதிப் பார்த்து வாங்குக. ஒன்று கிட்டாதபோது மற்றொன்று உண்டென்பதை அறிந்தவர், தட்டுப்பாட்டுக் காலத்தில் கூடுதல் விலைக்கு ஆளாகமாட்டார்.

விதைப் பையில் சான்று அட்டை இருத்தல் வேண்டும். சான்று விதைக்கு நீல நிற அட்டை. ஆதார விதைக்கு வெள்ளை. நெல்லின் சான்று விதைக்கு முளைப்புத்திறன் குறைந்தது நூற்றுக்கு 80 என்பது விதி. நாற்றங்காலில் விடுமுன் நூறு விதைகளை ஈரச்சாக்கில் முளைகட்டி எண்ணிப் பார்த்தால் உண்மை விளங்கும்.

பூச்சிமருந்துப் புட்டியில் அச்சிட்ட வண்ண அடையாளத்தைக் காண்க. சிவப்பு மிகக் கொடிய விஷம்; அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறைந்து வரும். பச்சையும் விஷமே என்பதை மறக்கலாகாது. காலாவதித் தேதி கடந்ததை விற்பதும் வாங்குவதும் தகாது. வைக்கோலையும் தீவனத்தையும் மருந்தோடு ஒரே வண்டியில் ஏற்றிவரும் வழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும்.

ரசீதின் வலிமை

இத்தனையும் கவனித்து வாங்கியவர் கடைசியில் ரசீதை விட்டுவிட்டு வருவாரானால், வேலியிட்டு வாயிலை அடைக்காமல் விட்டதற்கு ஒப்பாகும். 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரக் கடைக்காரர் ரசீது கொடுத்தே தீர வேண்டும். கையிருப்பையும் விலையையும் பலகையில் எழுதி வைக்கவும் வேண்டும். கடனுக்கு வாங்குபவருக்கும் ரசீது உண்டு. பழகிய கடைக்காரரிடம் கேட்பது எவ்வாறு என்று கூசுவோர் பலர். நாணயமுள்ள வியாபாரி இதற்காக வருந்தமாட்டார்.

விதை முளையாமற் போய் ஒரு பருவமே வீணான குடியானவர் எங்கே முறையிடுவது? ஆந்திர விவசாயிகள் தொடர்ந்த வழக்கில், விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-ஆம் ஆண்டு ஜனவரியில் தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, காரணம் நேர்ந்த இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். ஆனால் அங்கே பேசுவது நம் வாயன்று. ரசீதும், அட்டையும், பையும், மீத்து வைத்த ஒரு பிடி விதையுமே. ஆகையால், அறுவடை முடியும் வரை இவற்றைப் பத்திரப்படுத்துக. பயிரில் குறை கண்டவுடன் வேளாண்மை அலுவலருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அவர் வந்து பார்த்து எழுதிய அறிக்கையின் நகலையும் கேட்டுப் பெறுக.

கிராம அதிகாரிகளுக்கு

ஒற்றைக் குடியானவர் பத்துக் கட்டுக்குப் பேரம் பேசினால் கடைக்காரர் செவிசாய்ப்பது அரிது. பத்துக் குடும்பங்கள் கூடி ஒரு லாரிச் சுமை கேட்டால், கட்டை அவிழ்த்துக் காட்டவும் எடை மேடைக்கு வரவும் அவரே முன்வருவார். கூடி வாங்குவதன் பலனை நம் நாடு நெடுநாளாக அறியும். திருவள்ளூரை அடுத்த திரூரில் 1904-ஆம் ஆண்டிலேயே வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. ஆகவே கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் கூட்டுறவுச் சங்கத்தாரும் தை மாதத்தில் ஒரு நாள் கூடி, ஊரிலுள்ள மாடுகளின் தொகையையும் கோடைக்கு வேண்டிய வைக்கோலின் எடையையும் எழுதிப் பலகையில் இடுவார்களாக. விற்க வைக்கோலுள்ளவர் பெயரும் அதனருகே இருக்கட்டும். ஒரு வயலில் தாள் கொளுத்தப்படுவதும், அடுத்த தெருவில் மாடு வைக்கோலின்றி நிற்பதும் ஒரே ஊரில் நிகழலாகாது.

ஒரு தராசு, ஒரு காகிதம், கேட்கத் தயங்காத வாய் ஆகிய இம்மூன்றுக்கும் செலவு அதிகமில்லை. வரும் சந்தை நாளிலேயே தொடங்கலாம்.