சட்டக் கல்விக்கு எழுந்த மாளிகைகள்

மருத்துவக் கல்லூரி ஒன்று எழுந்தால் அதன் பயனை நோயாளி அறிவான். பொறியியற் கல்லூரி எழுந்தால் பாலமாகவும் சாலையாகவும் அதன் பயன் கண்ணுக்குத் தெரியும். பல்கலைக்கழகமொன்றில் சட்டக் கல்விக்கென அடிக்கல் நாட்டி, மாளிகை எழுப்பி, திறப்பு விழாவும் நடத்தினால் அதனால் பால்மரம் வெட்டும் தொழிலாளிக்கு விளையும் நன்மை யாது? இக்கேள்வி எழுவது இயல்பே. இதற்கு விடை காண, சட்டக் கல்லூரிகள் தோன்றிய வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

மலாயாத் தோட்டங்களுக்கு நம் முன்னோரை அனுப்பிய சென்னை மாகாணத்திலிருந்தே தொடங்கலாம். அங்கே சட்டக் கல்லூரி தோன்றுமுன் சட்டம் கற்றவர்கள் பெரும்பாலும் தாமே படித்துத் தேறியவர்கள். அவர்களுள் தலைசிறந்தவர் தஞ்சை மாவட்டத்தில் 1832ஆம் ஆண்டு பிறந்த திருவாரூர் முத்துசாமி ஐயர். வறுமையின் காரணமாக இளமையிலேயே மாதம் ஒரு ரூபாய் சம்பளத்திற்குக் கிராமக் கணக்கருக்கு உதவியாளராய் அமர்ந்த அவர், பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதியானார். அப்பதவியை எய்திய முதல் இந்தியர் அவரே. எனினும், ஆயிரத்தில் ஒருவர் தம் சொந்த முயற்சியால் ஏறிய மலையை எல்லாரும் ஏற வேண்டுமானால் படிக்கட்டு அமைத்தாக வேண்டும் அன்றோ? அப்படிக்கட்டே 1891ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சென்னைச் சட்டக் கல்லூரி.

முதலில் கல்லூரி தோன்றியது. பிறகே அதற்கு மாளிகை எழுந்தது. கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வின் வரைந்த திட்டப்படி இந்தோ-சாரசனிக் பாணியில் அமைந்த அச்செந்நிற மாளிகை 1899ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அது நின்ற இடம் கருதத்தக்கது. 1892இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்ற வளாகத்தையொட்டியே அது எழுப்பப்பட்டது. மருத்துவ மாணவனுக்கு மருத்துவமனை எவ்வாறோ, அவ்வாறே சட்ட மாணவனுக்கு நீதிமன்றம். நூலில் படித்த விதி உயிருள்ள மனிதர்மேல் எப்படிப் பாய்கிறது என்பதை அவன் நேரில் காண வேண்டும். இக்கருத்தையே அம்மாளிகையின் இடம் சொல்லாமற் சொல்லிற்று. நூறாண்டுகளுக்கு மேல் அங்கு நடைபெற்ற வகுப்புகள் 2018ஆம் ஆண்டு புதுப்பாக்கத்திற்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் மாற்றப்பட்டன. மாளிகை நின்ற இடத்திலேயே நிற்கிறது; கல்வி இடம் பெயர்ந்தது. ஆகவே சட்டக் கல்லூரியின் உயிர் அதன் கற்களில் இல்லை என்பது தெளிவு.

இனி மலாயாவுக்கு வருவோம். இந்நாட்டில் பல்கலைக்கழகம் 1949ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தோன்றியது. மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகமாயின. ஆனால் அப்போது அதில் சட்டத்துறை இல்லை. வழக்கறிஞராக விரும்பியவர் கப்பலேறி இங்கிலாந்து செல்ல வேண்டும்; லண்டனிலுள்ள வழக்கறிஞர் சங்கங்களில் ஒன்றில் சேர வேண்டும்; தேர்வில் தேறினால் மட்டும் போதாது, குறிப்பிட்ட எண்ணிக்கையான விருந்துகளில் சங்க மண்டபத்தில் உடனிருந்து உண்டிருக்கவும் வேண்டும். நாட்கூலியில் வாழ்ந்த தோட்டக் குடும்பத்தின் பிள்ளை அவ்விருந்து மேசையில் அமர்வதை எண்ணியும் பார்க்க இயலுமோ?

1956ஆம் ஆண்டு அப்பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை அமைக்கப்பட்டது. பேராசிரியர் ஷெரிடன் அதன் தலைவரானார். 1957இல் முதல் மாணவர்கள் சேர்ந்தனர். 1961இல் பட்டம் பெற்று வெளிவந்தனர். பின்னர் 1962ஆம் ஆண்டு கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருந்த பிரிவுகள் இரு தனிப் பல்கலைக்கழகங்களாயின. சட்டத்துறை சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டது. கோலாலம்பூரின் பந்தாய்ப் பள்ளத்தாக்கில் அமைந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1972ஆம் ஆண்டுதான் சட்டத்துறை தோன்றிற்று. அதன் முதல் தலைவர் பேராசிரியர் அகமது இப்ராஹிம். சிங்கப்பூரில் 1916இல் பிறந்து, கேம்பிரிட்ஜில் பயின்று, குடியரசான சிங்கப்பூரின் முதல் அரசுத் தலைமை வழக்கறிஞராய் விளங்கியவர் அவர். 1983இல் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறையையும் அவரே தொடங்கிவைத்தார். கப்பற் பயணம் பேருந்துப் பயணமாய்ச் சுருங்கியது. கோலசிலாங்கூர் மாணவன் ஒருவன், தகுதி பெற்றால், வீட்டிலிருந்து சில மணி நேரத்தில் சென்றடையக்கூடிய இடத்தில் சட்டம் கற்கலாம் என்னும் நிலை பிறந்தது.

இது தோட்டப்புறத்திற்கு ஏன் பெரிது? தோட்ட வாழ்வில் சட்டம் தொடாத இடமே இருந்ததில்லை. சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் அது சிறைக்குரிய குற்றமாயிருந்த காலம் ஒன்றுண்டு. 1920களின் தொடக்கத்தில்தான் அக்கொடுமை நீங்கிற்று. தோட்டப் பள்ளிக்கூடமும் சட்டத்தின் பிள்ளையே. ஏழு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிருவாகத்தைப் பணித்தது. கட்டுவதும் காப்பதுமாகிய இவ்விரு முகங்களையும் நம் மக்கள் கண்டனர். ஆனால் அச்சட்டங்களை எழுதிய மேசையில் அவர்கள் இருந்ததில்லை. அவை எழுதப்பட்ட மொழியும் அவர்கள் மொழியன்று.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தை எண்ணிப் பார்க்கலாம். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, துரையைக் கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கத்திற்கு முடிவு ஆகியன அவர்தம் கோரிக்கைகளுட் சில. அக்கோரிக்கைகளை நீதிமன்றத்தில் எடுத்துரைக்கும் வாய்ப்பு அமையவில்லை. படை வந்தது, தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். நியாயம் இருந்தது; அதைச் சட்டத்தின் மொழியில் சொல்லவல்லார் தொழிலாளரிடையே இல்லை.

நாடு விடுதலை பெற்றபின் சட்டத்தின் தேவை குறைந்ததா? இல்லை, கூடிற்று. குடியுரிமைக்குப் பிறப்புப் பத்திரம் வேண்டியிருந்தது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவரை நீக்க எட்டு வார அறிவிப்பு வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் தோன்றியது கோலசிலாங்கூர் மாவட்டத்துத் ‘தென்னமரம்’ தோட்டத்திலேதான். தோட்டத்தின் பெயரே தமிழ்! ஆயினும் தோட்டங்கள் கைமாறியபோதும் துண்டாடப்பட்டபோதும் லயத்து வாசலுக்கு வந்த கடிதங்கள் தமிழில் வரவில்லை. கிராணியார் படித்துச் சொன்னதே சட்டம் என்று கொண்டவர் பலர்.

இவ்விடத்தில்தான் சட்டக் கல்லூரி மாளிகையின் பயன் விளங்குகிறது. அம்மாளிகையிலிருந்து பட்டம் பெற்று வருவோரில், பெரட்டுக்களத்தையும் லயத்தையும் அறிந்த சிலரேனும் இருந்தால், வந்த கடிதத்தின் பொருளை அவர்கள் நம் மக்களுக்குத் தமிழில் உரைப்பர்; நம் மக்களின் குறையை நீதிமன்ற மொழியில் உரைப்பர். இரு கரைகளுக்கும் இடையே அவர்களே பாலம். 1972க்குப் பின் இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சட்டம் பயின்ற இந்திய மாணவர் பலர் நீதிமன்றங்களிலும் சட்ட உதவி மையங்களிலும் இப்பணி ஆற்றி வந்துள்ளனர்.

எனினும் எல்லாரும் வழக்கறிஞராக இயலாது, ஆகவும் வேண்டுவதில்லை. ஒப்பந்தம், அறிவிப்பு, இழப்பீடு, மேல்முறையீடு, சத்தியப் பிரமாணம் ஆகிய சொற்களின் பொருளை அறிந்தவன் எளிதில் ஏமாறமாட்டான். கைந்நாட்டு வைக்குமுன் ‘இதில் என்ன எழுதியிருக்கிறது?’ என்று கேட்கத் துணிபவன் சட்டக் கல்வியின் முதற்பாடத்தைக் கற்றவனாவான். அப்பாடத்தைக் கற்பிக்கப் பல்கலைக்கழகம் தேவையில்லை. ஆறாம் வகுப்பில் கடிதம் எழுதப் பழக்கும் தமிழாசிரியர், மனு எழுதவும் அறிவிப்பைப் படித்துப் பொருள் கூறவும் சேர்த்துப் பழக்கினால் போதும்.

திறப்பு விழா நாளில் நாடா வெட்டப்படும், பெயர்ப்பலகையின் திரை விலகும், உரைகள் நிகழும். ஆனால் சட்டத்தால் ஆளப்படும் கடைக்கோடிக் குடும்பத்தின் பிள்ளை மாணவனாய் அதன் படியேறும் நாளே அம்மாளிகை உண்மையில் திறக்கப்படும் நாள். அப்பிள்ளை எழுத்தறிவது தோட்டப்புறத்துத் தமிழ்ப்பள்ளியின் முதல் வகுப்பிலே.