வைக்கோலுக்கு ஏது விலை?

எங்கள் ஊரில் வைக்கோலுக்கு விலை கேட்பது மரியாதைக் குறைவு. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம். மாடு வைத்திருப்பவர் யாராவது வந்து வாசலில் நின்றால், தாத்தா ஆளைக் கூப்பிட்டுப் போரிலிருந்து இரண்டு கட்டு பிடுங்கிக் கொடுக்கச் சொல்வார். காசுப் பேச்சே வராது. இன்று அதே வயலின் வைக்கோல் உருளைக் கட்டாகச் சுருண்டு, லாரியேறி, தஞ்சை, திருச்சி, கரூர், வெள்ளகோவில் கடந்து காங்கேயம் பக்கத்துத் தொழுவத்தில் இறங்குகிறது. அங்கே ஐந்து கறவை மாடு வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சொன்னார்: "எம்பட மாடு வைக்கோலத் திங்கறதில்லீங்க. லாரி வாடகையத்தான் திங்குது."

சிரித்துவிட்டேன். பிறகு அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டபோது சிரிப்பு வரவில்லை.

தாத்தா காலத்துச் சம்பாப் பயிர் ஆள் இடுப்புக்கு மேல் வளரும். அரிவாளால் தரையை ஒட்டி அறுப்பார்கள். கட்டுகளைத் தலைச்சுமையாகவும் வண்டியிலும் களத்துக்குக் கொண்டுவந்து, முதலில் தலையடி. பிறகு தாளைப் பரப்பி, பிணையல் மாடுகளை விட்டுப் போரடிப்பு. மாட்டுக் குளம்பு மிதித்த வைக்கோல் பஞ்சாகிவிடும். மாடு ஆசையாகத் தின்னும். இதில் இன்றைக்குத்தான் எனக்கு உறைக்கும் விஷயம் ஒன்று உண்டு. நெல் களத்துக்கு வந்தாக வேண்டும். தாளோடுதான் வர முடியும். ஆகவே வைக்கோலின் வண்டிச்சத்தத்தை நெல்லே கட்டிவிட்டது. களத்திலிருந்து போர் போடும் இடம் கூப்பிடு தூரம். அங்கிருந்து தொழுவம் இன்னும் பக்கம்.

போர் போடுவது தனி வித்தை. அடியில் ஈரம் ஏறாமல் மேடு கட்டி, நடுவில் ஆள் நின்று மிதித்து மிதித்து ஏற்றி, உச்சியைக் கூம்பாக்கி முடிப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க அடித்தாலும் மேல்தோல்தான் கறுக்கும். உள்ளே பொன்நிறம் மாறாது. அந்த வைக்கோலே கூரையானது, பிரியானது, விதைநெல்லைக் கட்டி வைக்கும் கோட்டையானது, சுவர் மண்ணில் குழைந்தது. இதற்கெல்லாம் செலவே இல்லை என்று சொன்னால் பொய். அறுத்ததும் சுமந்ததும் போர் போட்டதும் பண்ணையாட்களின் உடம்பு. அவர்களுக்குக் கிடைத்த கூலி சொற்பம் என்பதால்தான் வைக்கோல் இலவசமாகத் தெரிந்தது.

பிறகு ஒவ்வொன்றாக நகர்ந்தது. 1966இல் வந்த ஐ.ஆர்.8உம் அதன் பின்வந்த குட்டை ரகங்களும் நெல்லைக் கூட்டின, தாளைக் குறைத்தன. டிராக்டர் வந்ததும் உழவு மாடு போயிற்று. கூரை வீடு ஓட்டு வீடாகி, கான்கிரீட் வீடாயிற்று. வைக்கோலைத் தின்றவையும் வேய்ந்தவர்களும் டெல்டாவில் குறைந்தபோது, கொங்குப் பக்கத்திலும் வாளையாருக்கு அந்தப்புறம் கேரளத்திலும் கலப்பினப் பசுக்கள் பெருகின. வைக்கோல் ஓரிடம், மாடு ஓரிடம் என்றாகிவிட்டது.

கதிர் அறுக்கும் இயந்திரம் மிச்சக் கதையை முடித்தது. அது வயலிலேயே நெல்லைப் பிரித்துவிடுகிறது. நெல் நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. வைக்கோல் வரிசை வரிசையாக வயலில் கிடக்கிறது. இனி அது நகர வேண்டுமானால் தன் கட்டணத்தைத் தானே கட்ட வேண்டும். வயல்காரருக்கோ அவசரம். டெல்டாவில் அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாளுக்கு முன்பே நிற்கும் பயிருக்குள் உளுந்து தெளித்திருப்பார்கள். வைக்கோல் மேலே கிடந்தால் முளை வெளுத்துப் போகும். சுருட்டும் இயந்திரம் வைத்திருப்பவர் வந்து கேட்டால், சொன்ன விலைக்கு விடுகிறார். சில நேரம் வயல் காலியானால் போதும் என்று சும்மாவே விடுகிறார். 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரியிலும் பெய்ததுபோல அறுப்பு நேரத்தில் மழை பிடித்தால், அதுவும் இல்லை. வைக்கோல் வயலிலேயே அழுகும்.

காங்கேயம் நண்பரின் அப்பா காலத்தில் வைக்கோல் வாங்கும் வழக்கமே இல்லை. கிளுவை வேலி கட்டிய கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் மேய்ச்சல். கோடைக்குச் சோளத்தட்டுப் போர். இப்போது சோளம் விதைப்பது சுருங்கிவிட்டது, மாடு பால் மாடாகிவிட்டது. மாட்டுக்கு நாளொன்றுக்கு 6 கிலோ உலர் தீவனம் என்று வைத்தால், ஐந்து மாட்டுக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 11 டன். 15 கிலோ கட்டு என்றால் 730 கட்டு.

சந்தை விலை வாரத்துக்கு வாரம் மாறும். அதனால் கணக்கு புரிவதற்காக நாங்கள் முழு எண்களை வைத்துக்கொண்டோம். வயலில் சுருட்டுக்கூலி சேர்த்துக் கட்டு 80 ரூபாய். 300 கட்டு ஏற்றும் லாரிக்கு 21,000 ரூபாய், கட்டுக்கு 70. ஏற்றுக்கூலியும் இறக்குக்கூலியும் 30. ஆக 180. வயலில் கொடுத்தது 80, வழியில் கொடுத்தது 100. கிலோ 12 ரூபாய் என்று நண்பர் எழுதினார்.

"கட்டை எப்பங்க எடை போட்டீங்க?" என்று அவர் பாணியிலேயே கேட்டேன்.

அங்கேதான் இடிக்கிறது. பனி காயும் முன்பே சுருட்டிய கட்டில் நூற்றுக்கு 25 பங்கு தண்ணீர் இருந்தால், 15 கிலோ கட்டு கொட்டகையில் கொஞ்சம் ஈரம் மட்டும் மிஞ்சக் காய்ந்தபின் பன்னிரண்டரைக் கிலோதான். கிலோ 14 ரூபாய் 40 காசு. இருபதில் ஒரு கட்டு பூஞ்சணம் பிடித்து எருக்குழிக்குப் போனால், 15 ரூபாயைத் தாண்டும். தண்ணீருக்கும் சேர்த்துத்தான் லாரி வாடகை கொடுத்திருக்கிறோம்.

தண்ணீருக்கு மட்டுமா? காற்றுக்கும்தான். ஆறு சக்கர லாரிக்கு, வண்டியும் சரக்கும் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2018இல் 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தப்பட்டது. நெல்லுக்கும் சிமெண்டுக்கும் அது லாபம். வைக்கோலுக்கு ஒன்றுமில்லை. 300 கட்டு ஏற்றினாலும் நாலரை டன்; எடை எட்டுவதற்குள் உயரம் முட்டிவிடும். ஆசைப்பட்டு இன்னும் இரண்டு அடுக்கு ஏற்றினால், தாழ்ந்து தொங்கும் மின்கம்பி உரசி லாரியோடு எரியும் செய்தி கோடைதோறும் வருகிறது.

இவ்வளவு கொடுத்து வாங்குவதில் புரதம் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான். வயிறு நிறையும், மடி நிறையாது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைத்தால் புரத அளவு ஏறத்தாழ இரட்டிப்பாகும், செரிமானமும் கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கொடுக்கக் கூடாது. போடும் முன் ஆறவிட வேண்டும். லாரி வாடகை அதேதான், அதில் வந்த தீவனத்தின் தரம் உயர்கிறது. அதோடு தை, மாசியில் அறுப்பு நடக்கும்போதே நாலு பண்ணைக்காரர்கள் சேர்ந்து வாங்கி இருப்பு வைக்கலாம். 2016இல் வடகிழக்குப் பருவமழை 60 விழுக்காட்டுக்கு மேல் பொய்த்து, அடுத்த ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி என்று அரசு அறிவித்தபோது, போர் வைத்திருந்தவரின் மாடுதான் சந்தைக்குப் போகாமல் தப்பியது.

விற்கும் எங்கள் பக்கத்துக்கும் கணக்கு உண்டு. ஒரு டன் வைக்கோலோடு 12 முதல் 17 கிலோ வரை பொட்டாசியம் வயலை விட்டுப் போகிறது. அன்று தொழுவத்தில் தின்ற வைக்கோல் எருவாகி, கோடையில் அதே வயலுக்கு வண்டியில் திரும்பியது. இன்று சாணம் காங்கேயத்தில் விழுகிறது. எங்கள் வயலுக்குப் பொட்டாஷ் மூட்டையில் வருகிறது, அதுவும் லாரியில்.

தாத்தா வைக்கோல் போரின் பக்கவாட்டில் முழங்கை வரை கையை விட்டுப் பார்ப்பார். உள்ளே சூடு தெரிந்தால் ஈரம் இருக்கிறதென்று அந்தப் பக்கத்தைப் பிரிக்கச் சொல்வார். போன மாசியில் நண்பர் வீட்டில் லோடு இறங்கியது. முதல் வேலையாக, பத்துக் கட்டைப் பொறுக்கித் தராசில் ஏற்றினார். பிறகு ஒரு கட்டின் நடுவில் கையைச் செருகி, கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "சூடாத்தானுங்க இருக்குது" என்றார். ஏற்றிவந்த வியாபாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். விலைப் பேச்சு அப்புறம்தான் தொடங்கியது.