பசிக்காத மீனைப் பிடிப்பது எப்படி?

குழந்தைகளே, பசியோடு வருகிறவருக்குச் சோறு போடுவது சுலபம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, போர்வைக்குள் சுருண்டு படுத்திருப்பவரை எழுப்பி, "ஒரே ஒரு வாய்" என்று ஊட்ட முடியுமா? உங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் கஷ்டத்தைச் சொல்வார். அமெரிக்காவில் குளிர்காலத்தில் பாஸ் மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கும் இதே கஷ்டம்தான்!

பாஸ் என்றதும் பரீட்சையில் 'பாஸ்' என்று நினைத்துவிடாதீர்கள். இது ஒரு நன்னீர் மீன். இதில் 'பெரிய வாய் பாஸ்', 'சின்ன வாய் பாஸ்' என்று இரண்டு வகைகள் பெயர் பெற்றவை. பெரிய வாய் பாஸின் மேல் தாடை, கண்ணையும் தாண்டிப் பின்னால் நீண்டிருக்கும். பச்சை நிற உடம்பு, பக்கவாட்டில் ஒரு கறுப்புப் பட்டை. வட அமெரிக்காவின் கிழக்கு, மத்தியப் பகுதி ஏரிகளும் ஆறுகளும்தான் இதற்குச் சொந்த ஊர். நம்மூர் விரால் மாதிரி ஒளிந்திருந்து பாயும் வேட்டைக்கார மீன். சின்ன மீன், தவளை எதுவானாலும், வாயில் அடங்கினால் லபக்!

நாம் தூண்டில் முள்ளில் மண்புழு மாட்டுவோம். பாஸ் பிடிக்கிறவர்களில் பெரும்பாலோர் போலி இரைதான் மாட்டுகிறார்கள். மிச்சிகன் மாநிலத்தில், டவாஜியாக் என்ற ஊரில், ஜேம்ஸ் ஹெடன் என்று ஒருவர் இருந்தார். 1890களில் ஒருநாள் குளக்கரையில் உட்கார்ந்து மரக்கட்டை ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தாராம். எழுந்து போகும்போது அதைத் தண்ணீரில் வீசினார். 'படார்' என்று ஒரு பாஸ் பாய்ந்து தாக்கியது! மரக்கட்டையை மீன் என்று நம்பிவிட்டதே என்று வியந்து, மரத்தில் போலி இரைகள் செய்யத் தொடங்கினார் என்று அந்த ஊரில் கதை சொல்கிறார்கள். அவர் பெயரில் பெரிய தொழிற்சாலையே நடந்தது.

சரி, குளிர் வந்தால் இந்த மீனுக்கு என்ன ஆகிறது?

வெயிலோ பனியோ, நம் உடம்பின் வெப்பம் சுமார் 37 டிகிரி செல்சியஸ்தான். மீனுக்கு அப்படி இல்லை. தண்ணீர் எவ்வளவு குளிர்கிறதோ, உடம்பும் அவ்வளவு குளிரும். ஜீரணம் மெதுவாகும். கோடையில் தின்றது சீக்கிரம் செரித்துவிடும். குளிரில் அதே இரை செரிக்கப் பல நாட்கள் ஆகும். பிறகு எங்கே பசி எடுக்கும்?

வகுப்பில் தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அதிக அடர்த்தியோடு இருக்கும் என்று பாடம் நடத்துவேன். ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, "ஏரி உறைந்தால் மீன் எல்லாம் செத்துவிடாதா சார்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி! அடர்த்தியான 4 டிகிரித் தண்ணீர் அடியில் தங்கிவிடும். பனிக்கட்டி லேசானது, அது மேலே மிதந்து, ஏரிக்கு மூடி போட்டதுபோல் இருக்கும். மீன் அடியில் உயிரோடு கிடக்கும். குளிர்காலத்தில் பாஸை ஆழத்தில் தேடுவது இதனால்தான்.

ஆனால் செப்டம்பர் முதல் நவம்பர் வரையான இலையுதிர் காலத்தில் கதையே வேறு! அப்போது ஷாட் என்னும் வெள்ளி நிறச் சின்ன மீன்கள் கூட்டம் கூட்டமாக ஏரியின் ஓடைப் பக்கம் போகும். பாஸ் பின்னாலேயே போய் விருந்து சாப்பிடும். அந்த நேரத்தில் வேகமாக இழுக்கும் இரைகள்தான் சரி. உலோகத் தகடு சுழலும் 'ஸ்பின்னர்', உள்ளே குண்டுகள் 'கடகட' என்று குலுங்கும் போலி மீன் எல்லாம் அப்போது எடுபடும். கலங்கிய தண்ணீரிலும் பாஸ் இவற்றைக் கண்டுகொள்ளும். மீனின் உடம்பில் பக்கக்கோடு என்ற உறுப்பு இருக்கிறதல்லவா? தண்ணீரின் சின்ன அதிர்வையும் அது உணர்ந்துவிடும்.

தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனதும் வேகம் உதவாது. துரத்தும் அளவுக்கு பாஸுக்குத் தெம்பு இல்லை. இங்கேதான் 'ஜெர்க்பெயிட்' என்ற ஒல்லியான போலி மீன் வருகிறது. கடும் குளிரில் ஷாட் மீன்கள் விறைத்துப் போகும். இரண்டு துடி துடித்து, அப்படியே அசையாமல் நிற்கும். அதைத்தான் இந்த இரை நடித்துக் காட்டுகிறது. தூண்டில் கம்பை இரண்டு தடவை வெடுக் வெடுக்கென்று இழுத்துவிட்டு, நிறுத்திவிட வேண்டும். எவ்வளவு நேரம்? பத்து எண்ணும் வரை. சில நாள் முப்பது எண்ணும் வரை! என்னைக் கேட்டால், அந்த நிறுத்தம்தான் மொத்த வித்தை. பாஸ் பெரும்பாலும் அப்போதுதான் வாயைத் திறக்கும்.

அசையாமல் நிற்கும் இரை மேலே மிதந்தாலும் ஆபத்து, கீழே மூழ்கினாலும் ஆபத்து. ஏமாற்று வேலை தெரிந்துவிடும். மிசோரி மாநிலத்தின் டேபிள் ராக் ஏரிப் பக்கத்து மீன்பிடிப்பாளர்கள், மிதக்கும் இரையில் துளை போட்டு எடை சேர்த்து, நடுத் தண்ணீரில் அந்தரத்தில் நிற்க வைத்தார்கள். இன்று கடையில் அப்படியே செய்து விற்கிறார்கள். ஆனாலும் வெதுவெதுப்பான தண்ணீரில் நின்ற இரை, குளிர்ந்த தண்ணீரில் மெல்ல மேலே வரும். ஏன் என்று நீங்களே சொல்லுங்கள், பார்ப்போம்! (மேலே 4 டிகிரி பாடத்தைப் படித்தவர்களுக்கு விடை தெரியும்.) உடனே ஈயத் தகட்டுத் துண்டு ஒன்றை வயிற்றில் ஒட்டிச் சரி செய்வார்கள்.

இன்னும் ஆழத்துக்கு 'ஜிக்'. கனமான தலை, முள்ளைச் சுற்றி ரப்பர் குஞ்சம். இறால் போல இருக்கும் கிரே ஃபிஷ் தரையில் ஊர்வதாக நினைத்து பாஸ் கவ்வும். கோடையில் கவ்வினால் கம்பே வளையும். குளிரிலோ, நரம்பு லேசாகக் கனக்கும், அல்லது ஒரு விரற்கடை பக்கவாட்டில் நகரும், அவ்வளவுதான்.

மீனுக்கு மட்டும் அல்ல, ஆளுக்கும் குளிர் ஆபத்துதான். அந்தத் தண்ணீரில் விழுந்தால் சில நிமிடங்களில் கை கால் விறைத்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவராலும் படகில் ஏற முடியாது. அதனால் உயிர்காப்பு மேலங்கி அணியாமல் படகில் ஏறக் கூடாது.

பிடித்த மீனை என்ன செய்வார்கள்? 1972ஆம் ஆண்டு, ரே ஸ்காட் என்பவர் தாம் நடத்திய பாஸ் பிடிக்கும் போட்டிகளில், மீனைக் கொல்லாமல் திரும்பத் தண்ணீரில் விடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். இன்று பலர் அப்படியே செய்கிறார்கள். குளிர்காலத்தில் இதிலும் ஒரு சிக்கல். ஆழத்திலிருந்து சட்டென்று மேலே இழுத்தால், மீனுக்குள் இருக்கும் காற்றுப்பை உப்பிவிடும். விட்டாலும் கீழே போக முடியாமல் மல்லாந்து மிதக்கும். ஆகவே, விவரம் தெரிந்தவர்கள், திரும்ப விடுவதாக இருந்தால் மிக ஆழத்தில் இருக்கும் மீனைப் பிடிப்பதே இல்லை.

ஆனால் ஜப்பானில் நிலைமை தலைகீழ்! 1925இல் அந்த நாட்டின் ஆஷி ஏரியில் பாஸ் மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை பல ஏரிகளுக்கும் பரவி, உள்ளூர் மீன்களைத் தின்று தீர்த்தன. ஜப்பானின் மிகப் பெரிய ஏரியான பிவாவிலும் பெருகின. 2009இல் 10 கிலோவுக்கு மேல் எடையுள்ள பாஸ் ஒன்று அங்கே பிடிபட்டு, அமெரிக்காவின் 1932ஆம் ஆண்டு உலக சாதனையைச் சமன் செய்தது. அந்த ஏரியில் பிடித்த பாஸைத் திரும்பத் தண்ணீரில் விடுவதை 2003லேயே தடை செய்துவிட்டார்கள். பிடித்தவர்கள் போட்டுவிட்டுப் போவதற்காக, கரையில் பெட்டிகளும் வைத்தார்கள்.