பேர் தெரியாத பச்சை – 9: துப்பு காம்பில் இருக்கிறது

சென்ற வாரம் மரப்பட்டையோடு நிறுத்தினோம். இந்த வாரம் இலைக்காம்பு. பூவை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்பவர்களுக்கு ஏற்காட்டின் காபித் தோட்டங்களே பதில் சொல்லும். கோடை மழை விழுந்து பத்து நாள் போல ஆனதும் செடி முழுக்க வெள்ளையாகப் பூக்கும். மூன்று, நான்கு நாளில் வாடிவிடும். வருஷத்தின் மற்ற நாட்களில் இலைதான் சாட்சி.

லூப் ரோட்டில் வேலியோரம் எட்டிப் பார்க்கும் ஒரு காபிக் கிளையைக் கவனியுங்கள். இலைகள் எதிரெதிராக, ஜோடி ஜோடியாக இருக்கும். இரண்டு காம்புகளும் தண்டைத் தொடும் இடத்தில், காம்புகளுக்கு நடுவே முக்கோணமாக ஒரு சின்னச் செதில் தெரியும். காபிக் குடும்பத்தின் முத்திரை அது. வீட்டு வாசலில் வளரும் இட்லிப்பூவிலும், வயல் வரப்பில் நிற்கும் மஞ்சணத்தியிலும் அதே செதிலைப் பார்க்கலாம். புதரில் வளரும் பாவட்டையும் இந்தக் குடும்பம்தான். வெள்ளைப் பூங்கொத்தோடு நிற்கும்போது காபியோ என்று யோசிக்க வைக்கும். சந்தேகம் வந்தால் அதன் இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரியும். இலைக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்களின் முடிச்சுகள் அவை. காபி இலையில் இவை கிடையாது.

ஏற்காடு ஆரஞ்சுக்கும் பேர் போன ஊர். காய் இல்லாத காலத்தில் ஆரஞ்சு மரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? காம்பின் இரு புறமும் மெல்லிய இறக்கை ஓடும்; அது முடிந்து இலை தொடங்கும் இடத்தில் ஒரு மூட்டு இருக்கும். எலுமிச்சையில் இறக்கை ஒடுங்கியும் பம்பளிமாஸில் அகன்றும் இருக்கும்.

மலைச்சரிவின் இலையுதிர் காட்டில் கடுக்காய் மரம். காம்பு இலையைச் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மருப்போல இரண்டு சுரப்பிகள் புடைத்திருக்கும். விரலால் தடவினாலே தட்டுப்படும்.

காம்பைக் கிள்ளியதும் பால் வந்தால் அத்தி, ஆல், பலா வகையாக இருக்கலாம். உறுதி செய்ய நுனி மொட்டைப் பாருங்கள். அதைப் போர்த்திய உறை உதிரும்போது தண்டைச் சுற்றி வளையத் தழும்பு விழும். அந்த வளையம் இல்லாமல் பால் மட்டும் வந்தால் எச்சரிக்கை: அரளியும் எருக்கும்கூடப் பால் வடிப்பவைதான், இரண்டும் விஷம். கை கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள்.

இந்த மலையில் இன்னொரு கேள்வியும் முக்கியம்: மரம் தானாக வந்ததா, நட்டதா? 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில் இங்கே காபி வந்தது. காபி நிழல் கேட்கும் பயிர். இன்று அந்த நிழலுக்காக வரிசையாக, ஒரே உயரத்தில், மிளகுக் கொடி சுற்றி நிற்கும் சில்வர் ஓக்கின் தாயகம் கிழக்கு ஆஸ்திரேலியா. பெரணி போலப் பிளந்த இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளியாக மின்னும். வரிசையும் ஒரே வயதும் தெரிந்தால், நட்டவர் யார் என்று முதலில் யோசியுங்கள். காட்டு மரங்களின் பட்டியலில் தேடி அலைய வேண்டாம்.

காட்டு மரம் என்றால் துணைக்கு நல்ல நூல்கள் உண்டு. கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் 1915 முதல் 1936 வரை வெளிவந்தது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தை (உலர்தாவரக் காப்பகத்தை) உருவாக்கிய பாதிரியார் கே.எம். மேத்யூ, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையையும் சேர்த்து எழுதிய தமிழ்நாடு கர்நாடிக் தாவர நூல் 1980களில் வந்தது. இவற்றில் பெயரைத் தேடிப் போகும் வழி கேள்விகளால் ஆனது: இலை எதிரெதிரா, மாறி மாறியா? காம்பில் சுரப்பி உண்டா? பால் வருமா? ஒவ்வொரு பதிலுக்கும் பட்டியல் சுருங்கிக்கொண்டே வரும்.

கூகுள் லென்ஸ் ஒரு நொடியில் பெயர் சொல்லிவிடும். அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், சோதிக்க வேண்டிய யோசனையாக எடுத்துக்கொள்ளுங்கள். பூவை மட்டும் படமெடுக்காமல் முழு மரம், பட்டை, இலையின் இரு பக்கம், காம்பு தண்டைத் தொடும் இடம் எல்லாவற்றையும் எடுங்கள்; தேதியும் இடமும் குறித்து வையுங்கள். போன் சொன்ன பெயரை நம்பி எந்த இலையையும் காயையும் வாயில் வைக்காதீர்கள். அடுத்த வாரம், இலையைக் கசக்கி முகர்ந்தே நாவல், கொய்யா, யூகலிப்டஸ் மூன்றும் ஒரே குடும்பம் என்று கண்டுபிடிப்போம்.

(தொடரும்)