எடுக்கும் முன் ஒரு கேள்வி

இபிஎப் சேமநிதி 2024 மே 11 முதல் மூன்று கணக்குகளாக உள்ளது. 55 வயதுக்கு உட்பட்டோரின் மாதச் சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்கிற்கும், 15 விழுக்காடு வீடு, கல்வி, மருத்துவம் போன்றவற்றுக்கான கணக்கிற்கும், 10 விழுக்காடு நெகிழ்வுக் கணக்கிற்கும் செல்கிறது. நெகிழ்வுக் கணக்கிலிருந்து குறைந்தது 50 வெள்ளியை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எதற்கு என்று வாரியம் கேட்பதில்லை. அதனால், அந்தக் கேள்வியைச் சந்தாதாரர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்வது அவசியமாகிறது.

மாதம் 1,700 வெள்ளி சம்பளம் பெறுபவருக்கு முதலாளியின் 13 விழுக்காடும் தொழிலாளியின் 11 விழுக்காடும் சேர்ந்து 408 வெள்ளி சந்தா. அதில் நெகிழ்வுக் கணக்கிற்கு 40 வெள்ளி 80 காசு. ஆண்டுக்கு ஏறக்குறைய 490 வெள்ளி. ஐம்பது ஐம்பதாக எடுத்தால் சில்லறைச் செலவில் கரைந்துவிடும். விட்டுவைத்தால் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கோ திடீர் மருத்துவச் செலவுக்கோ கைகொடுக்கும். இலாப ஈவும் சேரும்.

அவசரத் தேவை இல்லாதவர்கள் அதை ஓய்வுக்காலக் கணக்கிற்கு மாற்றலாம். ஆனால், மாற்றிய பணம் நெகிழ்வுக் கணக்கிற்குத் திரும்பாது.

பணி ஓய்வோடு தோட்ட வீட்டையும் காலி செய்ய வேண்டிய குடும்பங்களுக்கு இது சிறிய தொகையல்ல. எந்தத் தேவைக்கு மட்டும் இதைத் தொடுவது என்பதைக் கணவனும் மனைவியும் இன்றே பேசி, எழுதி வைப்பது நல்லது.